ஸ்கோர்ப் பலகையின் வரலாறு

கிரிக்கெட் ஆட்டம் நடைபெறும் மைதானத்திற்குப் பிந்தி வந்து சேரும் ஒருவரைச் சற்றே கூர்ந்து நோக்குங்கள். அவர் ஆட்டக்காரரை முதலிற் பார்ப்பதில்லை. அருகில் இருப்பவரை வினவுவதுமில்லை. நிழல் தேடி அமருமுன்னரே அவர் கண்கள் மைதானத்தின் ஒரு கோடியில் நிற்கும் பலகையை நாடுகின்றன. எத்தனை ஓட்டம், எத்தனை விக்கெட்டு, கடைசியாக வெளியேறியவர் எடுத்தது எத்தனை என்னும் மூன்றையும் அறிந்துகொண்ட பின்னரே அவர் மனம் ஆட்டத்திற் படிகின்றது. அதுவரையில் அவருக்கு அங்கே தோன்றுவது வெள்ளுடை தரித்தோர் சிலரின் நடமாட்டமேயன்றி வேறன்று.

இத்துணைப் பயன்படும் அப்பலகையைப் பற்றிச் சிந்திப்போர் மிகச் சிலரே. நல்ல மட்டையைப் பற்றியும் நல்ல ஆடுதளத்தைப் பற்றியும் மணிக்கணக்கிற் பேசுவோம். பலகையைப் பற்றி ஒரு சொல்லும் பேசமாட்டோம். அது பிழையாகக் காட்டினாலன்றி அது அங்கே இருப்பதாகவே எவரும் எண்ணுவதில்லை. அது தோன்றியவாறும் வளர்ந்தவாறும், தகரத் தகட்டினின்றும் கணினி மென்பொருள் வரையில் வந்த வழியில் அது அடைந்த ஊதியமும் அதற்கு நேர்ந்த இடர்களும் ஈண்டு ஒருவாறு ஆராயத்தக்கன. பிற ஆட்டங்களை விடுத்துக் கிரிக்கெட்டையே நாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணமுண்டு. காற்பந்தாட்டத்திற் பலகை காட்டவேண்டுவன இரண்டே எண்கள். அவற்றைப் பார்த்திருப்பவர் தம் விரல்களிலேயே எண்ணிக்கொள்ளலாம். கிரிக்கெட்டிலோ நாள் முழுவதும், சிலபோது ஐந்து நாள் முழுவதும், நூற்றுக்கணக்கான ஓட்டங்கள் ஒன்று இரண்டாகச் சேர்கின்றன. மனித நினைவு அவற்றைத் தாங்காது. ஆகவே எழுத்து வேண்டியதாயிற்று. எழுத்தைச் சேய்மையில் இருப்போர்க்குக் காட்டும் கருவியும் வேண்டியதாயிற்று.

ஆதியில் எழுத்தும் இல்லை. கோலும் கத்தியுமே இருந்தன. இங்கிலாந்தின் தென்பகுதிக் கிராமங்களில் இவ்வாட்டம் பரவிய காலத்தில், கணக்குப் பார்ப்பவர் ஒரு மரக்கோலைக் கையிற் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் ஓட்டத்திற்கும் அதில் ஒரு வெட்டு வெட்டுவார். குறித்த எண்ணிக்கைக்கு ஒருமுறை வெட்டு ஆழமாக விழும். இறுதியில் எண்ணுதற்கு அஃது எளிது. நம் வீடுகளிற் பாற்கணக்கைச் சுவரிற் கரிக்கோடாக இழுத்து வைத்த வழக்கத்தை அறிந்தோர்க்கு இது விளங்காமற் போகாது. ஓட்டத்திற்கே ‘வெட்டு’ என்னும் பெயர் ஆங்கிலத்தில் நெடுங்காலம் வழங்கியது. கணக்கு வெட்டுவோர் பெரும்பாலும் இருவர். ஒவ்வொரு கட்சிக்கும் ஒருவர். இந்த ‘இருவர்’ என்பதை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டுகின்றோம். கோல் போய்க் காகிதம் வந்தது, காகிதம் போய்க் கணினி வந்தது. இருவர் என்பது மட்டும் இன்றளவும் போகவில்லை.

கோலுக்கு ஒரு குறையுண்டு. மொத்தத்தை அது சொல்லும். யார் எத்தனை எடுத்தார் என்பதைச் சொல்லாது. பந்தயப் பணம் பெருகிய பதினெட்டாம் நூற்றாண்டிற் பெருமக்கள் இதனைப் பொறுப்பாரா? ஒவ்வோர் ஆட்டக்காரர் பெயரையும் எழுதி அதற்கு நேரே ஓட்டங்களைக் குறிக்கும் வழக்கம் எழுந்தது. 1744ஆம் ஆண்டில் லண்டனில் நிகழ்ந்த ஆட்டங்களின் இத்தகைய கணக்குகள் இன்றும் கிடைக்கின்றன. அதே ஆண்டிலேயே ஆட்டத்தின் விதிகளும் எழுத்திலே தொகுக்கப்பட்டன. விதி எழுத்தில் ஏறிய ஆண்டும் கணக்கு எழுத்தில் நிலைத்த ஆண்டும் ஒன்றாயிருத்தல் கருதத்தக்கது. பின்னர்ச் சாமுவேல் பிரிச்சர் என்பார் 1790ஆம் ஆண்டு முதலான ஆட்டங்களின் கணக்குகளை ஆண்டுதோறும் சிறு நூலாக அச்சிட்டு வெளியிடலானார்.

ஆயினும் இவையெல்லாம் கணக்கெழுதுவோர் கையில் இருந்த செய்திகளே. நடக்கும் ஆட்டத்தின் நிலையைத் தெரிந்துகொள்ள விரும்புபவர் கணக்கெழுதுவோர் இருக்கும் இடத்திற்கே நடந்து சென்று கேட்கவேண்டியிருந்தது. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் 1846ஆம் ஆண்டில் முதற் பலகை நாட்டப்பட்டபோது அவ்வில்லங்கம் நீங்கிற்று. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘டெலிகிராப்’ என்பது. மின்சாரக் கம்பி எதுவும் அதில் இல்லை; சேய்மைக்கு எழுதுவது என்னும் சொற்பொருளே அப்பெயர்க்குக் காரணம். கறுப்புப் பலகையில் வெள்ளை எண்கள் பொறித்த தகடுகளை ஆணியில் மாட்டினர், அவ்வளவே.

அச்சுக்கலையும் அக்காலத்தே களத்திற் புகுந்தது. பிரடெரிக் லில்லிவொயிட் என்பார் சிறியதோர் அச்சுப்பொறியைக் கூடாரத்தில் வைத்துக்கொண்டு, ஆட்டம் நடக்க நடக்கவே கணக்குத் தாள்களை அச்சிட்டு விற்றார். 1859ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்டக்காரர் முதன்முதலாகக் கடல் கடந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் சென்றபோதும் அவர் தம் அச்சுப்பொறியையும் கூடாரத்தையும் விடாது சுமந்துசென்றார். அச்சுமையினால் உடன் சென்றோர் அடைந்த எரிச்சல் கொஞ்சமன்று. ஆட்டத்தின் செய்தியை உடனுக்குடன் மக்கட்குத் தரவேண்டும் என்னும் வேட்கை மென்பொருளோடு பிறந்ததன்று என்பதற்கு இப்பெட்டிகளே சான்று.

இனி ஆஸ்திரேலியாவுக்குச் செல்வோம். பலகை ஒரு கட்டடமாக வளர்ந்தது அங்கேதான். இங்கிலாந்தில் மொத்தம், விக்கெட்டு, கடைசி ஆட்டக்காரர் எடுத்தது என்ற அளவில் திருப்தியுற்றிருந்தனர். எஞ்சிய விவரங்கட்கு அச்சிட்ட தாளை வாங்கிப் பென்சிலாற் குறித்துக்கொண்டனர். ஆஸ்திரேலிய மைதானங்களோ பெரியன. மேட்டுப் புல்வெளியில் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து நாள் முழுதும் பார்ப்பர். அவர்கள் பார்வைக்கு எல்லாம் வேண்டும்: இரு கட்சியார் பெயர்களும் வேண்டும், ஒவ்வொருவர் எடுத்ததும் வேண்டும், பந்தெறிவோர் கணக்கும் வேண்டும். சிட்னி மைதானத்தில் 1896இல் இத்தகைய பெரும் பலகை ஒன்றை அமைத்தவர் நெட் கிரெகரி என்பார். அவர் அம்மைதானத்தைப் பேணிவந்தவர். 1877இல் மெல்போர்னில் நிகழ்ந்த முதல் டெஸ்ட் ஆட்டத்தில் ஆடியவரும்கூட. அவ்வாட்டத்தின் முதல் இன்னிங்ஸில் அவர் ஓர் ஓட்டமும் எடாமல் வெளியேறினார். டெஸ்ட் ஆட்ட வரலாற்றில் முதல் பூச்சியம் அவருடையதே. தம் பெயருக்கு நேரே பூச்சியத்தைப் பெற்ற முதல்வரே பிறர் பெயர்க்கு நேரே எண்களைத் தொங்கவிடும் பெரும் பலகையையும் சமைத்தார் என்பது வேடிக்கையான பொருத்தம்.

ஆயினும் கைப்பலகைகளுள் தலையாயது அடிலெய்டு ஓவல் மைதானத்தில் நிற்பதே. கென்னத் மில்ன் என்னும் சிற்பி வகுத்த அப்பலகை 1911ஆம் ஆண்டு நவம்பரில் முதன்முதற் பயன்பட்டது. வெளியிலிருந்து பார்ப்போர்க்கு அது பெயர்களும் எண்களும் நிறைந்த ஒரு சுவர். உள்ளே சென்றாலோ நான்கு தளங்கள் கொண்ட ஒரு வேலைக்கூடம். ஏணிப்படிகள் ஏறியிறங்கி ஆட்கள் எண்களை மாற்றுகின்றனர். நூறாண்டுகள் கடந்த பின்னும் அது கையாலேயே இயக்கப்படுகின்றது. 2014ஆம் ஆண்டையொட்டி அம்மைதானம் புதுப்பிக்கப்பட்டபோது பழைய கட்டடங்கள் பல மறைந்தன. பலகையை மட்டும் தொடவில்லை. மெல்போர்னின் பழைய பலகையும் அழியவில்லை. 1980க்களில் அதனைக் கழற்றிக் கான்பெரா நகரின் மனுக்கா மைதானத்தில் மறுபடி நிறுத்தி, ஆட்டக்காரரும் எழுத்தாளருமாய் விளங்கிய ஜாக் பிங்கிள்டன் பெயரை அதற்கு இட்டனர்.

நிற்க, பலகை காட்டும் எண் எங்கிருந்து வருகின்றது என்பதனை இனி விளக்கவேண்டும். பலகை தானாக எதனையும் அறியாது. கணக்கெழுதுவோர் இருவரும் எழுதும் புத்தகமே மூலம். பலகை அதன் நிழல். நடுவர் கையை அசைத்து நான்கு என்று காட்டினால், கணக்கெழுதுவோர் தம் கையை உயர்த்தி ‘கண்டோம்’ என்று ஒப்பவேண்டும். ஒப்பும் வரையில் அடுத்த பந்தை எறியவிடாது நடுவர் காத்திருப்பார். இவையெல்லாம் விதியிலேயே உள்ளன; 2017இல் திருத்தியமைத்த விதித்தொகுப்பில் மூன்றாம் விதி கணக்கெழுதுவோரைப் பற்றியது.

புத்தகத்தில் ஒவ்வோர் ஓட்டமும் மூன்றிடங்களில் ஏறுகின்றது. ஒருவர் பவுண்டரி அடித்தார் என்று கொள்வோம். அவர் பெயருக்கு நேரே 4 என்று எழுதப்படும். பந்தெறிந்தவர் கட்டத்திலும் 4 எழுதப்படும். ஒன்று முதல் நூற்றுக்கணக்கில் வரிசையாக அச்சிட்ட எண்களில் அடுத்த நான்கும் கோடிட்டு அடிக்கப்படும். ஆட்டக்காரர் எடுத்தனவும் உபரி ஓட்டங்களும் சேர்ந்து ஒரு தொகை. பந்தெறிவோர் கொடுத்தனவும் அவர் கணக்கிற் சேராத உபரிகளும் சேர்ந்து ஒரு தொகை. அடிக்கப்பட்ட எண்வரிசை ஒரு தொகை. மூன்றும் ஒன்றாதல் வேண்டும். ஒன்றாவிடின் எங்கோ பிழை. வணிகர் பேரேட்டில் வரவும் பற்றும் ஒத்துப் பார்ப்பது எவ்வாறோ அவ்வாறே இதுவும். பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் இவ்வமைப்பு எளிய மக்கள் கண்டது; ஆனால் மிக நுட்பமானது.

இத்தொழிலிற் பெயர் பெற்றோரும் உளர். ஆஸ்திரேலியரான பில் பெர்கூசன் 1905ஆம் ஆண்டில் தம் நாட்டுக் குழுவோடு கணக்கெழுதவும் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளவும் இங்கிலாந்து சென்றார். பின்னர் ஏறக்குறைய ஐம்பதாண்டுகள் பல நாட்டுக் குழுக்களோடு உலகைச் சுற்றினார். அடிக்கப்பட்ட பந்து எத்திசையிற் சென்றது என்பதை வட்டத்துட் கோடுகளாக வரையும் முறையை வழக்கிற் கொணர்ந்தவர் அவரே. இன்று தொலைக்காட்சி வண்டிச்சக்கரம் என்று காட்டும் படம் அவர் பென்சிலிற் பிறந்தது. ஆங்கிலேயரான பில் பிரிண்டால் 1966 முதல் 2009இல் இறக்கும்வரை பி.பி.சி. வானொலி வருணனைக்குக் கணக்கெழுதினார். ஒவ்வொரு பந்தையும் நேரத்தோடு வரிசையாகக் குறிக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர் அவர்.

புத்தகம் சரியாயிருந்து பலகை தவறினால் யாது நேரும்? இதனை நாம் பிறர் சொல்லக் கேட்டு அறியவில்லை. மாணவராய் இருந்த காலத்தில் நாம் ஆட்டத்திற் சேர்த்துக்கொள்ளத் தக்கவரல்லேம். ஆதலின் பலகையிற் தகடு மாட்டும் பணி நமக்கு வாய்த்தது. கணக்கெழுதுவோர் இருவரும் வேப்பமரத்தடியில் மேசையிட்டு அமர்ந்திருப்பர். அவர்கள் எண்ணைக் கூவுவர். நாம் பெட்டியிலிருந்து தகட்டைப் பொறுக்கி மாட்டுவோம். அத்தகடுகள் உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவர் வெட்டித் தந்தவை. மேலே துளை தேய்ந்துபோனால் திருப்பி மாட்டலாம் என்று கருதியோ என்னவோ, அவர் ஒவ்வொரு தகட்டின் மேலும் கீழும் ஒவ்வொரு துளை இட்டிருந்தார்.

அயலூர்க் கல்லூரியோடு ஓர் ஆட்டம். அவர்கள் 128 எடுத்து ஆட்டமிழந்தனர். நம்மவர்க்கு 129 வேண்டும். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது; ஒன்பது விக்கெட்டுகள் விழுந்துவிட்டன; கடைசி இருவரும் நின்றனர். கூவும் எண் இரைச்சலிற் சரியாகக் கேளாமையால் பலகை இரண்டு ஓவர்களாகவே பின்தங்கியிருந்தது. அதனை ஆட்டக்காரரும் அறிவர். அப்போது ஒருவர் பவுண்டரி அடித்தார். மேசையிலிருந்து ‘நூற்றிருபத்தாறு’ என்று கூவினர். நாம் பதற்றத்தில் 6ஐ எடுத்துத் தலைகீழாக மாட்டிவிட்டோம். பலகை 129 என்று நின்றது.

மைதானம் ஆரவாரித்தது. மட்டையேந்திய இருவரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு கூடாரத்தை நோக்கி நடந்தனர். மாணவர் சிலர் உள்ளேயும் ஓடினர். கணக்கெழுதுவோர் புத்தகத்தை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தனர். நடுவர் எல்லோரையும் வெளியேற்றி, ஆட்டக்காரரைத் திரும்ப அழைத்துவந்து நிறுத்துவதற்குள் பத்து நிமிடங்கள் சென்றன. அடுத்த பந்திலேயே நம்மவர் குச்சிகள் சிதறின. இரண்டு ஓட்டத்திற் தோற்றோம். வெளியேறிய அண்ணன் நம்மைக் கடந்து போகையில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவே. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாள் நாம் சுத்தியலை எடுத்துச் சென்று தகடுகள் அனைத்தின் கீழ்த்துளைகளையும் தட்டி அடைத்தோம். 6க்கும் 9க்கும் அடியில் வெள்ளைச் சாயத்தால் ஒவ்வொரு கோடும் இழுத்தோம்.

பலகை மட்டும் போதாது என்பதற்கு நம் சென்னைச் சேப்பாக்கத்திலேயே ஒரு பெருஞ் சான்று உண்டு. 1986ஆம் ஆண்டு செப்டெம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் ஆட்டத்தின் ஐந்தாம் நாள் அது. வெற்றிக்கு 348 வேண்டும். கடைசி ஓவரில் ரவி சாஸ்திரி முதலில் இரண்டும் பின்னர் ஒன்றும் எடுத்து இந்தியாவின் மொத்தத்தை 347 ஆக்கினார். இருபுறமும் ஓட்டங்கள் சமம். எஞ்சியவை மூன்று பந்துகள். எஞ்சிய விக்கெட்டு ஒன்று. பந்தை எதிர்கொண்டவர் மனிந்தர் சிங். அந்நிலையில் ஆட்டம் முடிந்திருப்பின் அது முடிவுபெறாத ஆட்டம் எனப்படும். விக்கெட்டும் விழுந்தாலோ சமன் எனப்படும். ஓட்டத்தொகை இரண்டிற்கும் ஒன்றே. கடைசிக்கு முந்திய பந்தில் கிரெக் மாத்யூஸ் எறிய, மனிந்தர் காலில் பந்து பட்டு வெளியேறினார். 1960இல் பிரிஸ்பேனில் நிகழ்ந்ததன் பின்னர் டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது சமன் இது. மூன்றாவது ஒன்று இன்னும் நிகழவில்லை. 347 என்னும் எண் மட்டும் தெரிந்தவர்க்கு அங்கே நிகழ்ந்தது பாதியும் தெரியாது.

மின்சாரப் பலகைகளைப் பற்றி மிக விரித்தல் வேண்டா. விளக்குகளை நிரை நிரையாக அடுக்கி, வேண்டியவற்றை ஏற்றி வேண்டாதவற்றை அணைத்தால் எண்ணும் எழுத்தும் படமும் தோன்றும். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் 1965இல் அமைந்த பெரும் மின்பலகை, கணக்கைக் காட்டியதோடு வேடிக்கைப் படங்களும் காட்டி மக்களை மகிழ்வித்தது. மெல்போர்ன் மைதானத்தில் 1982இல் வண்ணப் படம் காட்டும் பலகை வந்தது. சிட்னியில் அடுத்த ஆண்டே கைப்பலகை ஓய்வு பெற்றது. தகடு மாட்டும் பையன்களுக்கு அத்தோடு வேலை இல்லையாயிற்று. தலைகீழ் 6க்கும் இடமில்லையாயிற்று என்று கருதலாம். அவ்வாறன்று. மின்பலகையில் எண் ஏழு கோடுகளால் ஆவது. 8 என்பதற்கு ஏழும் எரியவேண்டும். வலப்புறத்து மேற்கோடு அணைந்துபோனால் 8 ஆனது 6 ஆகும். இடப்புறத்துக் கீழ்க்கோடு அணைந்தால் 9 ஆகும். நடுக்கோடு அணைந்தால் பூச்சியமே ஆகும். தகரத்தைப் பழித்தவர்கள் இதனையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பலகை செய்வோர் எண்ணிப் பாராத எண் வந்துவிட்டால் யாது செய்வது? கிரிக்கெட்டன்றாயினும் ஒரு செய்தியை இங்கே விடுதற்கு மனமில்லை. 1976ஆம் ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக் விழாவில், ருமேனியாவைச் சேர்ந்த நாடியா கோமனேச்சி என்னும் பதினான்கு வயதுச் சிறுமி இணையாச் சட்டங்களின்மேல் ஆடி முழு மதிப்பெண்ணாகிய பத்தும் பெற்றாள். ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் அதுவரை எவரும் பெறாத எண் அது. பலகையிலோ பத்துக்குக் குறைந்த எண்களுக்கே இடம் இருந்தது. ஆகவே அது 1.00 என்று காட்டிற்று. கூட்டத்தினர் ஒருகணம் திகைத்தனர். ஆயினும் அங்கே பலகையினாற் பிழை விளைந்ததேயன்றித் தீங்கு விளையவில்லை.

தீங்கு விளைந்ததற்கு உதாரணம் வேண்டுமாயின் 1992ஆம் ஆண்டு உலகக் கோப்பையின் அரையிறுதியைப் பார்க்கவேண்டும். சிட்னியில் இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் ஆடின. தென்னாப்பிரிக்கர்க்கு 13 பந்துகளில் 22 ஓட்டங்கள் வேண்டியிருந்தபோது மழை வந்தது. நேரம் இழந்தமையால் இரண்டு ஓவர்கள் குறைக்கப்பட்டன. அக்காலத்து விதிப்படி, முதலில் ஆடியவர் மிகக் குறைவாக எடுத்த ஓவர்களே கழிக்கப்படும். இங்கிலாந்து அத்தகைய இரண்டு ஓவர்களில் எடுத்தது ஒன்றே ஒன்று. ஆகவே பன்னிரண்டு பந்துகள் போயின. ஓர் ஓட்டமே குறைந்தது. பலகை ‘ஒரு பந்தில் 22 ஓட்டம்’ என்று எழுதிக் காட்டிற்று. உண்மையில் 21 என்று இருந்திருக்கவேண்டும். பலகை அந்த ஒன்றையும் குறைக்கவில்லை. இருபத்தொன்றாயினும் இருபத்திரண்டாயினும் ஒரு பந்தில் எடுத்தல் எவர்க்கும் இயலாதாகலின் அப்பிழையால் முடிவு மாறவில்லை. ஆனால் அப்பலகையின் படம் உலகெங்கும் பரவி, மூடவிதியை மக்கள் கண்முன் நிறுத்திற்று. நூறு கட்டுரைகள் செய்திருக்க முடியாததை ஒரு வரி செய்தது.

அதன்பின் பிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் என்னும் ஆங்கிலக் கணித வல்லுநர் இருவர் வகுத்த முறை 1997ஆம் ஆண்டின் முதல் நாளில் ஜிம்பாப்வேயில் முதன்முதற் கையாளப்பட்டது. எஞ்சிய ஓவர்களையும் எஞ்சிய விக்கெட்டுகளையும் ஒருங்கே எண்ணி இலக்கை மாற்றும் முறை அது. நியாயம் கூடிற்று, ஆனால் எளிமை குறைந்தது. 2003ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் டர்பன் நகரில் அதே தென்னாப்பிரிக்கர் இலங்கையோடு ஆடினர். மழை தூறிக்கொண்டிருந்தது. நாற்பத்தைந்தாம் ஓவரின் இறுதியில் 229 இருக்கவேண்டும் என்று மட்டையேந்திய மார்க் பவுச்சருக்குச் செய்தி சென்றது. அவர் முத்தையா முரளிதரன் எறிந்த ஐந்தாம் பந்தை ஆறாக விளாசி 229ஐ எட்டினார், ஆறாம் பந்தைத் தடுத்து நிறுத்தினார், ஓட்டம் எடுக்கவில்லை. ஆட்டம் நிறுத்தப்பட்டது. 229 என்பது சமனாவதற்குரிய எண்; வெற்றிக்கு 230 வேண்டும். ஓர் ஓட்டத்திற்காகத் தென்னாப்பிரிக்கா தன் சொந்த மண்ணில் நடந்த போட்டியிலிருந்து வெளியேறிற்று. எண் சரியாகவே இருந்தது. அதனை வாசித்ததில் வந்தது பிழை.

கணினி மென்பொருள் இவ்விடத்திற் புகுகின்றது. உலகின் பல மூலைகளிலும் இருந்த மாணவர் ஆட்டச் செய்திகளைக் கணினிவழி ஒருவர்க்கொருவர் அனுப்பிக்கொண்ட காலம் 1990க்களின் தொடக்கம். சைமன் கிங் என்னும் ஆராய்ச்சியாளர் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு 1993இல் தொடங்கிய கிரிக்கின்போ அவ்வார்வத்தில் முளைத்தது. அதனை வளர்த்தோருள் ஒருவர், பின்னாளில் தமிழ்ப் பதிப்புத் துறையில் அறிமுகமான பத்ரி சேஷாத்ரி. ஊதியம் எதிர்பாராது, நள்ளிரவில் விழித்திருந்து, ஒவ்வொரு பந்தாகத் தட்டச்சுச் செய்த மாணவர்களையும் லில்லிவொயிட்டின் கூடாரத்தையும் ஒருங்கே நினைத்தால் நமக்கு வேறுபாடு பெரிதாகத் தோன்றவில்லை.

மென்பொருள் வேலைசெய்யும் விதம் இது. புத்தகத்தில் மூன்றிடத்தில் எழுதியதை இங்கே ஓரிடத்திற் பதிந்தால் போதும். இன்னார் எறிந்தார், இன்னார் அடித்தார், இத்தனை ஓட்டம், இன்ன திசை என்று ஒரு பந்துக்கு ஒரு பதிவு. அப்பதிவுகளினின்று மொத்தத்தையும், ஒவ்வொருவர் கணக்கையும், பந்தெறிவோர் சராசரியையும், மழைவிதியின் இலக்கையும் கணினி தானே கணித்து, பலகைக்கும் தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் ஒரே கணத்தில் அனுப்புகின்றது. முந்திய பந்தில் பிழை என்று தெரிந்தால் பின்சென்று அதைத் திருத்தலாம். பின்வந்த எண்கள் யாவும் தாமே திருந்தும். 1948ஆம் ஆண்டு லண்டன் ஓவல் மைதானத்தில் டான் பிராட்மன் தம் கடைசி டெஸ்ட் ஆட்டத்திற்கு இறங்கியபோது, இன்னும் நான்கு ஓட்டங்கள் எடுத்தால் அவர் சராசரி நூறாகும் என்பதனை எந்தப் பலகையும் காட்டவில்லை. எரிக் ஹாலிஸ் எறிந்த இரண்டாம் பந்தில் அவர் பூச்சியத்தோடு வெளியேறினார், சராசரி 99.94 என நின்றது. இன்றாயின் அவர் கூடாரத்தினின்றும் அடியெடுத்து வைக்குமுன்னரே அந்த நான்கைத் திரையெல்லாம் கூவியிருக்கும். அவருக்கு அது நன்மையாக இருந்திருக்குமா என்பதை நாம் சொல்லமாட்டோம்.

இத்துணை நன்மைக்கும் ஊடே ஓர் இடர் உண்டு. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே. புத்தகத்தில் மூன்று தொகைகளும் தனித்தனியே எழுதப்பட்டன. ஆதலின் ஒன்றில் கை தவறினால் மற்றவை ஒவ்வாது நின்று பிழையைக் காட்டிக்கொடுத்தன. மென்பொருளிலோ மூன்று தொகைகளும் ஒரே பதிவினின்று பிறப்பவை. கணக்கெழுதுபவர் இரண்டுக்குப் பதிலாக மூன்றைத் தட்டிவிட்டால், ஆட்டக்காரர் கணக்கிலும் மூன்று, பந்தெறிந்தவர் கணக்கிலும் மூன்று, மொத்தத்திலும் மூன்று. எல்லாம் அழகாக ஒத்திருக்கும். எல்லாம் பொய்யாக இருக்கும். அப்பொய் நம் தகரத் தகட்டைப் போல ஒரு மைதானத்தை மட்டும் ஏமாற்றாது. மறுகணமே உலகெங்கும் சென்றுவிடும். இப்பிழையை வெளிப்படுத்தவல்லது இரண்டாமவர் தனியே எழுதும் இரண்டாம் கணக்கு ஒன்றே. பழைய கோல்வெட்டிகள் இருவராய் இருந்ததன் பயன் இப்போதுதான் முழுதும் விளங்குகின்றது. ஆகவேதான் கணினி வைத்திருப்பவர்க்கு அருகிலேயே காகிதப் புத்தகத்தோடு மற்றொருவர் அமரும் வழக்கம் பல ஆட்டங்களில் இன்றும் நீங்காதிருக்கின்றது. செலவைச் சுருக்க வேண்டி அந்த இரண்டாமவரை நீக்கிவிடுவோர் செய்வது நன்றன்று என்பது நம் துணிபு.

கணக்கெழுதுவோர் அதிகாரத்துக்கும் ஓர் எல்லையுண்டு. 2019ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் கடைசி ஓவரில், நியூசிலாந்தின் மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து பென் ஸ்டோக்ஸின் மட்டையிற் பட்டு எல்லைக்கு ஓடியது. நடுவர் குமார் தர்மசேனா ஆறு என்று காட்டினார். பந்தை எறிந்த கணத்தில் ஆட்டக்காரர் இருவரும் ஒருவரையொருவர் கடக்கவில்லையாதலால் விதிப்படி ஐந்தே என்று பின்னர் விதியறிந்தோர் எடுத்துக்காட்டினர். நடுவரும் தம் பிழையை ஒப்புக்கொண்டார். கணக்கெழுதுவோர் இருவர்க்கும் அன்று ஐயம் எழுந்திருப்பினும் அவர்கள் ஆறு என்றே எழுதக் கடமைப்பட்டவர்கள். ஆட்டம் 241க்கு 241 என்று சமனாகி, மிகை ஓவரும் சமனாகி, இறுதியில் பவுண்டரிகளை எண்ணி இங்கிலாந்துக்குக் கோப்பை சென்றது. புத்தகமும் கணினியும் பலகையும் யாவும் ஒத்திருந்தன. அவை நடுவரின் கையைக் கணக்கெழுதினவேயன்றிப் பந்தைக் கணக்கெழுதவில்லை.

நம் கல்லூரி மைதானத்திலும் இப்போது மின்பலகை நிற்கின்றது. வேப்பமரத்தடி மேசையில் மடிக்கணினி ஒன்றும் புத்தகம் ஒன்றும் அருகருகே இருக்கின்றன. ஒவ்வோர் ஓவர் முடிவிலும் இரு மாணவரும் தத்தம் தொகையை வாய்விட்டுச் சொல்லி ஒத்துப் பார்க்கின்றனர். பழைய தகடுகள் விளையாட்டுக் கருவி அறையில் ஒரு பெட்டியில் கிடக்கின்றன. மின்சாரம் நின்றுபோகும் நாளில் யாராவது ஒரு பையன் ஓடிப்போய் அப்பெட்டியைத் தூக்கி வருவான். சென்ற ஆண்டு அவ்வாறு வந்த ஒருவன், 6க்குக் கீழே இருக்கும் அந்த வெள்ளைக்கோடு எதற்காக என்று நம்மிடம் கேட்டான்.